இருந்தும் கிடைக்காத மணிச்சத்து

டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள சுகுபாவில் எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான கருமண் உண்டு. அள்ளினால் பொலபொலவென்று உதிரும். பார்க்கிற யாருக்கும் நல்ல மண் என்றே தோன்றும். மணிச்சத்து உரம் போடாமல் அதில் நெல் பயிரிட்டால்தான் மண்ணின் குணம் தெரியும். பயிர் சாகாது, வளரவும் செய்யாது. இலைகள் வெளுப்பதற்குப் பதிலாக வழக்கத்தைவிடக் கருத்த பச்சையில், குறுகி, விறைப்பாக நிற்கும். தூர் கட்டாது. நட்ட நாற்று நட்டபடியே நிற்கிறது என்று நம் ஊர் விவசாயிகள் சொல்வார்களே, அதே தோற்றம்.

1990களின் பிற்பகுதியில் மத்தியாஸ் விசுவா என்ற ஆய்வாளரும் அவருடைய ஜப்பானிய சகாக்களும் இப்படிப்பட்ட மண்ணைத் தேடிப் பிடித்து அதில் நெல் ரகங்களை ஒப்பிட்டார்கள். உரம் போட்டால் அதிகம் விளைவது எது என்பது அவர்கள் கேள்வியல்ல. உரமே இல்லாவிட்டால் தாக்குப்பிடிப்பது எது என்பதுதான். ஜப்பானின் நவீன ரகமான நிப்பான்பாரே குன்றிப் போனது. இந்தியாவிலிருந்து போன கசலத் என்ற பழைய நாட்டு ரகம் அதே மண்ணிலிருந்து பல மடங்கு மணிச்சத்தை எடுத்துக்கொண்டு வளர்ந்தது. இரண்டையும் ஒட்டுச் சேர்த்துப் பெற்ற சந்ததிகளை ஆராய்ந்தபோது, அந்தத் திறனின் பெரும்பகுதி பன்னிரண்டாவது குரோமோசோமின் ஒரு சிறு துண்டோடு சேர்ந்தே வருவது தெரிந்தது. 1998இல் அதை வெளியிட்டார்கள். துண்டுக்குப் பப்1 என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் இருக்கும் மரபணு எது என்று உறுதியாகச் சொல்ல மேலும் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பதினான்கு ஆண்டுகளின் கதைக்குப் போகும் முன், மண்ணுக்கும் வேருக்கும் இடையில் என்னதான் சிக்கல் என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரு டன் நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 3 கிலோ மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, மண்ணிலிருந்து எடுக்கிறது. ஹெக்டேருக்கு 5 டன் விளைந்தால் 15 கிலோ. சாதாரணமான ஒரு விளைநிலத்தின் மேல்மண்ணில் ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கான கிலோ பாஸ்பரஸ் இருக்கும். கணக்கை மட்டும் பார்த்தால் பல பத்தாண்டுகளுக்குக் கவலையே இல்லை. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி பயிருக்கு எட்டாதது. புளிப்பு மண்ணிலும் செம்பொறை மண்ணிலும் பாஸ்பேட் வடிவில் இருக்கும் அதை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியம் அந்த வேலையைச் செய்கிறது. நாம் அடியுரமாகப் போடும் டிஏபிக்கும் சூப்பர் பாஸ்பேட்டுக்கும் இதே கதிதான். அதிலுள்ள மணிச்சத்தில் அந்தப் பருவப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி மண்ணோடு கட்டுண்டு தங்கிவிடுகிறது.

கட்டுப்படாமல் மண்நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட் மிகச் சொற்பம். வேர்ச் செல்லுக்குள் இருக்கும் அடர்த்தி, வெளியே மண்நீரில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு வரை இருக்கும். இவ்வளவு ஏற்றத்தை எதிர்த்துச் செல் அதை உள்ளே இழுக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, பாஸ்பேட் நகராது. நைட்ரேட் மண்நீரோடு ஓடிவந்து வேரைச் சேர்ந்துவிடும். பாஸ்பேட் இருந்த இடத்திலேயே இருக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு இருப்பதை உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அதற்கப்பால் உள்ளது அங்கு வந்து சேர்வதற்குள் பருவம் முடிந்துவிடும். வேர் புதிய இடத்துக்குப் போயாக வேண்டும், வேறு வழியில்லை.

நெல்லுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்போது இரும்பின் வேதி நிலை மாறி, அது பிடித்துவைத்திருந்த பாஸ்பேட்டில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறது. அதனால்தான் ஒரே மண் நன்செயாக இருக்கும்போது தருவதை, புழுதி விதைப்பாக விதைத்தால் தருவதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மானாவாரி நெல் பயிரிடுவோருக்கு இது கண்கூடு. கசலத் எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நாற்றை மண்ணோடு மெல்லப் பெயர்த்து, நீரில் ஊறவிட்டு, மண்ணைக் கரைத்து, ஒரு கறுப்புத் தட்டில் பரப்பிக் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். வேரின் நுனி மழமழவென்று இருக்கும். சற்று மேலே வந்தால் வேரைச் சுற்றி மங்கலான வெள்ளைப் படலம் ஒன்று தெரியும். உற்றுப் பார்த்தால் அது படலமல்ல, தூவிகள். ஒவ்வொரு தூவியும் தனியொரு செல்லின் நீட்சி. நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மண்துகளை வேரிலிருந்து முழுதாகக் கழுவி எடுக்க முடியாமல் போவது இந்தத் தூவிகள் அவற்றைப் பிடித்திருப்பதால்தான். மணிச்சத்து போதாத மண்ணில் வளர்ந்த நாற்றில் இவை நீண்டிருக்கும். வேர் பாஸ்பேட்டை உறிஞ்சும் வட்டத்தின் அகலமே ஓரிரண்டு மில்லிமீட்டர் என்னும்போது, தூவியின் சிறு நீளக்கூடுதல் கூட வேருக்குக் கிடைக்கும் மண்ணின் அளவைக் கணிசமாக மாற்றிவிடும். இதை நடத்துவது ஆக்சின் என்ற ஹார்மோன். நெல் வேரின் நுனியில் திரளும் ஆக்சினைத் தூவிகள் முளைக்கும் பகுதிக்குக் கொண்டுபோக ஆக்ஸ்1 என்ற புரதம் வேண்டும். அதற்கான மரபணு பழுதான நெற்செடியின் தூவிகள், பாஸ்பேட் குறைந்தாலும் நீள்வதில்லை என்று 2018இல் காட்டினார்கள்.

சத்து குறைகிறது என்று செடிக்கு எப்படித் தெரிகிறது? இதற்கான விடை கிடைத்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அது ஒரு குளத்துப் பாசியிலிருந்து தொடங்கியது. கிளமிடோமோனாஸ் என்ற ஒரு செல் பச்சைப்பாசியில், பாஸ்பேட் பஞ்சத்தின்போது வேலை செய்யும் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தை 1999இல் கண்டுபிடித்தார்கள். 2001இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ஆவியர் பாஸ் அரேஸின் ஆய்வுக்குழு, அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் பிஎச்ஆர்1 என்ற புரதத்தைக் கண்டது. அது பாசியில் கண்ட புரதத்தின் உறவு. வேரே இல்லாத பாசியிடம் இருந்த ஏற்பாட்டைத்தான் நிலத்துச் செடிகளும் வைத்திருக்கின்றன. நெல்லிலும் அதன் வடிவங்கள் இருக்கின்றன. மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் இருக்கின்றன.

அது வேலை செய்யும் விதம் இது. செல்லில் பாஸ்பேட் போதுமான அளவு இருக்கும்போது இனாசிட்டால் பைரோபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறுகளும் நிறைய இருக்கும். அவை எஸ்பிஎக்ஸ் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நிலையில் எஸ்பிஎக்ஸ், பிஎச்ஆர் புரதத்தை இறுகப் பற்றிக்கொண்டு அதை எதுவும் செய்ய விடாது. பாஸ்பேட் குறைந்தால் அந்தச் சிறு மூலக்கூறும் குறைகிறது, பிடி தளர்கிறது, பிஎச்ஆர் விடுபடுகிறது. விடுபட்ட பிஎச்ஆர், டிஎன்ஏவில் எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைத் தேடிப்போய் உட்கார்கிறது. அந்த அடையாளம் எந்தெந்த மரபணுக்களுக்கு முன்னால் இருக்கிறதோ அவையெல்லாம் வேலையைத் தொடங்குகின்றன. சத்தின் அளவை உணரும் கருவியும், அதற்கேற்பச் செயலைத் தொடங்கும் கருவியும் ஒன்றோடொன்று கைகோத்தே இருக்கின்றன. பிஎச்ஆர்1 தெரிந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் இந்தப் பிடியின் இரகசியம் தெளிவானது.

தொடங்கும் வேலைகள் பல. பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் வாயிற்புரதங்கள் வேரின் மேற்பரப்பில் பெருகுகின்றன. மண்ணிலுள்ள கரிமப் பொருளில் சிக்கிய பாஸ்பேட்டை வெட்டியெடுக்கும் நொதிகள் வெளியே கசிகின்றன. செல்சவ்வில் இருக்கும் பாஸ்பரஸ் அடங்கிய கொழுப்புகளைக் கூடச் செடி கழற்றி எடுத்துவிடுகிறது. அந்த இடத்தில் சர்க்கரையும் கந்தகமும் சேர்ந்த வேறு கொழுப்புகளை வைத்துச் சவ்வைக் காப்பாற்றிக்கொள்கிறது. முற்றிய இலைகளிலிருந்து சத்து இளந்தளிருக்குப் போகிறது.

இலைக்கும் வேருக்கும் இடையே செய்தி போவதும் இங்கேதான். இலையில் பாஸ்பேட் குறைந்தால் மைக்ரோ ஆர்என்ஏ 399 என்ற மிகச் சிறிய ஆர்என்ஏ உருவாகி, உணவு செல்லும் குழாய் வழியாக வேருக்கு இறங்குகிறது. வேரில் பிஎச்ஓ2 என்றொரு புரதம் இருக்கிறது. சத்து போதும் என்ற நிலையில் வாயிற்புரதங்களை அழித்து வரவைக் கட்டுக்குள் வைப்பது அதன் வேலை. மேலிருந்து வரும் ஆர்என்ஏ அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கிறது. வாயில்கள் அழியாமல் நிற்கின்றன, வரவு கூடுகிறது. பிஎச்ஓ2 மரபணு பழுதான செடிகள் எடுப்பதை நிறுத்தத் தெரியாமல் இலைநுனி கருகும் அளவுக்கு பாஸ்பேட்டைச் சேர்த்துக்கொள்கின்றன. செடிக்குப் பட்டினி எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு ஆபத்து மிகுதியும்.

இதற்குமேல் செடி எடுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. விவசாயி வரப்பில் நின்று பார்க்கும் காட்சிக்கும் வேருக்குள் நடக்கும் வேதியியலுக்கும் நேரடிப் பாலம் அது.

மணிச்சத்து போதாத நெல் ஏன் தூர் கட்டுவதில்லை? சத்து இல்லை, அதனால் வளரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மை. பாஸ்பேட் குறைந்தவுடன் வேர், ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை அதிகமாகச் செய்கிறது. இதன் ஒரு பங்கு தண்டுக்கு ஏறிப் பக்கக் கிளைகளின் மொட்டுகளை உறங்க வைக்கிறது. 2008இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. தூர் வெடிக்காமல் இருப்பது செடி தானே எடுக்கும் நடவடிக்கை. கிடைக்கும் சத்தில் எத்தனை கதிரைத் தாங்க முடியுமோ அத்தனைக்கு மட்டும் அது இடம் விடுகிறது.

இன்னொரு பங்கு வேரிலிருந்து மண்ணுக்குள் கசிகிறது. மண்ணில் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா என்ற பூஞ்சைகள் இருக்கின்றன. இவற்றின் இழைகள் வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தூரம் போகும். தூவி எட்டாத இடத்துப் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து தரும். பதிலுக்குச் செடி தான் ஒளிச்சேர்க்கையில் செய்த உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை கொடுக்கிறது. வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன்தான் பூஞ்சையின் இழைகளைக் கிளைக்கச் செய்து அழைக்கும் பொருள் என்று 2005இல் ஜப்பானின் கொஹ்கி அகியாமா குழுவினர் காட்டினார்கள். 2021இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் நெல்லில் இன்னொரு கண்ணியைச் சேர்த்தார்கள். மேலே சொன்ன அதே பிஎச்ஆர் புரதங்கள்தான் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும் மரபணுக்களையும் ஆள்கின்றன. மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்ட வயலில் மைக்கோரைசா குறைவதன் காரணம் இதில் தெளிவாகிறது. செடியே அழைப்பதை நிறுத்திவிடுகிறது. மைக்கோரைசா உயிர் உரமும் அதிக டிஏபியும் ஒரே வயலில் போடுவது பணத்தை வீணாக்குவது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அழைப்பைக் கேட்பது பூஞ்சை மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் அழிக்கும் ஸ்ட்ரைகா என்ற வேர் ஒட்டுண்ணிச் செடியின் விதை மண்ணில் பல ஆண்டுகள் முளைக்காமல் காத்திருக்கும். இதன் இனம் ஒன்றை நம் கரும்புக் கொல்லையிலும் சோளக் கொல்லையிலும் சுடுமல்லி என்பார்கள். பக்கத்தில் ஸ்ட்ரைகோலாக்டோன் கசிந்தால்தான் அந்த விதை முளைக்கும். இந்தப் பொருளின் பெயரே ஸ்ட்ரைகாவிலிருந்து வந்தது. 1966இல் பருத்தி வேரிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததும் அந்த ஒட்டுண்ணியை முளைக்கவைக்கும் பொருளாகத்தான். சத்தற்ற நிலத்தில் ஸ்ட்ரைகா கொடுமை அதிகம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பசியால் உதவி கேட்கும் செடியின் குரலைக் கேட்டு எதிரியும் வந்துவிடுகிறது.

இனி கசலத்துக்கு வருவோம். இவ்வளவையும் தெரிந்துகொண்ட ஒருவர், பப்1 துண்டுக்குள் என்ன இருக்கும் என்று எதிர்பார்ப்பார்? பாஸ்பேட்டை இழுக்கும் ஒரு திறமையான வாயிற்புரதம், அல்லது வீரியமான ஒரு பிஎச்ஆர். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிகிரிட் ஹோயர் தலைமையிலான குழு தேடியபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. முதல் தடையே வேறு. 2005இல் வெளியான நெல்லின் முழு மரபணுத் தொகுப்பு நிப்பான்பாரே ரகத்தினுடையது. உலகமே அதைத்தான் வரைபடமாக வைத்து வேலை செய்துகொண்டிருந்தது. கசலத்தின் அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தபோது, ஏறத்தாழ 90,000 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி நிப்பான்பாரேயில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. தேடிய பொருள் வரைபடத்துக்கு வெளியே இருந்தது. பதினான்கு ஆண்டுகளில் பல இதற்கே போயின.

ஒவ்வொன்றாகக் கழித்து 2012இல் ரிக்கோ கமுயாவோ முதலாசிரியராக நேச்சர் இதழில் வந்த கட்டுரை ஒரே மரபணுவைச் சுட்டியது. அதற்குப் பிஸ்டால்1 என்று பெயரிட்டார்கள். அது ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டவைத்து அவற்றை வேலை செய்யத் தூண்டும் நொதி. பாஸ்பேட்டை இழுப்பதோடு அதற்கு நேரடிச் சம்பந்தம் எதுவுமில்லை. அது வேலை செய்யும் இடம் நாற்றின் தூரடி. சல்லி வேர்கள் தண்டிலிருந்து முளைவிடும் புள்ளிகள். அங்கே ஆரம்பத்திலேயே வேர் வளர்ச்சியை முடுக்கிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. முதல் சில வாரங்களில் வேர் பெருத்தால் அதிக மண் எட்டுகிறது. அதிக மண் எட்டினால் பாஸ்பேட் வருகிறது. கூடவே மற்றச் சத்துகளும் வருகின்றன. நகராத சத்தை எடுக்க நகர்ந்து போவதே வழி என்று மண் வேதியியல் சொன்னதைக் கசலத்தின் முன்னோர் ஒரு மரபணுவில் வைத்திருந்தார்கள். இந்த மரபணுவை ஐஆர்64, நிப்பான்பாரே ரகங்களில் மிகுதியாக வேலை செய்ய வைத்தபோது, மணிச்சத்து குறைந்த மண்ணில் தானிய விளைச்சல் 60 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது.

நவீன ரகங்களில் பல இதை ஏன் இழந்தன? கசலத் அவுஸ் என்ற நெல் வகையைச் சேர்ந்தது. வங்காளம், அசாம் பகுதிகளில் கோடையில் விதைத்து மழைக்காலத்தில் அறுக்கும், பெரும்பாலும் மானாவாரிப் பயிர். தண்ணீர் கட்டி பாஸ்பேட்டை விடுவிக்கும் வசதி அதற்கு இல்லை. உரமும் இல்லை. பசுமைப் புரட்சிக் காலத்து ரகங்களோ பாசனமும் உரமும் தாராளமாக உள்ள ஆய்வு நிலைய வயல்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அங்கே நன்றாக விளைந்தவற்றை வைத்துக்கொண்டார்கள். வேர் எப்படி இருக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. அந்த வயலில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்த ரகங்களை உருவாக்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, பஞ்சத்தை விரட்டியவர்கள். ஆனால் சோதனை வயல் எப்படியோ, அதற்கேற்ற மரபணுக்கள்தான் மிஞ்சும். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் மீளும் திறன் தரும் சப்1ஏ மரபணுவும் இப்படித்தான் ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து வந்தது. அதுவும் அவுஸ் உறவினம்தான். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் நாகினா 22 என்ற வட இந்திய ரகமும் அவுஸ். ஏழை நிலத்து நெற்கள் இவை. இவற்றின் விதைகள் பழைய சேகரிப்புகளில் உயிரோடு இல்லாமல் போயிருந்தால், மேற்சொன்ன மரபணுக்களை எந்தக் கணினியாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. வரைபடமாக இருந்த ரகத்தில் அவை இல்லையே.

பப்1 துண்டை மரபணு அடையாளம் வைத்து, வழக்கமான ஒட்டுச்சேர்க்கை முறையிலேயே புதிய ரகங்களுக்குள் கொண்டுவரும் வேலை பல இடங்களில் நடந்திருக்கிறது. இந்தோனேசியாவின் மேட்டு நில ரகங்களில் செய்தார்கள். தமிழ்நாட்டில் நமக்குப் பழகிய ஏடிடி 43, ஏஎஸ்டி 16 ரகங்களின் பின்னணியில் இலைக்கருகல், குலைநோய் எதிர்ப்போடு இதையும் சேர்த்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் மணிச்சத்து குன்றிய வயல் ஒன்றையே சோதனைக்காக வைத்திருக்கிறது. ரகங்களை அங்கு நட்டுப் பார்த்தால்தான் எது எப்படி என்று தெரியும். பிஸ்டால்1 இருந்தும் எதிர்பார்த்த அளவு தேறாத ரகங்கள் உண்டு. அது இல்லாமலேயே தாங்கும் ரகங்களும் உண்டு. ஒரே மரபணு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வோரை நான் நம்புவதில்லை. பாஸ்பேட்டை எடுக்கும் வழிகளைச் செடி பல வைத்திருப்பதை மேலே பார்த்தோம். ரகத்துக்கு ரகம் அவை வேறு விகிதத்தில் கலந்திருக்கின்றன.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நல்ல வேர் மண்ணில் இல்லாத பாஸ்பரஸைப் படைக்காது. கட்டுண்டதை எடுத்துத் தரும். ஹெக்டேருக்கு 15 கிலோ ஆண்டுதோறும் வெளியே போய், எரு, வைக்கோல், உரம் என்று எதுவுமே திரும்பாவிட்டால் கையிருப்பு கரையும். வேர் சிறந்த ரகம், குறைந்த உரத்தை முழுதாகப் பயன்படுத்தத்தான். உரமே வேண்டாம் என்பதற்கல்ல.

குறைந்த உரத்தை எங்கே வைப்பது என்பதற்கும் நாற்றின் முதல் வாரங்களே விடை தருகின்றன. மடகாஸ்கரில் இரும்பு மிகுந்த செம்மண் வயல்களில், நாற்றைப் பிடுங்கி அதன் வேரைப் பாஸ்பேட் உரம் கலந்த சேற்றுக் குழம்பில் நனைத்து நடும் முறையைச் சோதித்தார்கள். வயல் முழுக்கத் தூவினால் இரும்போடு கட்டுண்டு போகும் உரம், வேரோடு ஒட்டிக்கொண்டே வயலுக்குள் போகிறது. புதிய சல்லி வேர்கள் முளைத்தவுடன் முதலில் தொடுவது அந்தக் குழம்பைத்தான். சிறிதளவு உரத்திலேயே விளைச்சல் கூடியது. அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் கலந்த நீரில் நாற்றின் வேரை நனைத்து நடும் பழக்கம் நம் விவசாயிகளுக்கு ஏற்கெனவே உண்டு. மணிச்சத்து கட்டுண்டு கிடக்கும் நிலத்தில் அதே நேரத்தில் அதே கையால் செய்யக்கூடிய வேலைதான் பாஸ்பேட் குழம்பில் நனைப்பதும்.